பொருத்தம்

பொருத்தம் பார்ப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று பத்தும் பார்த்து, அதன் பிறகும் சந்தேகம் வந்தால் அண்ணாமலையார் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்போம். இந்த விவகாரம் பொம்மை விமானத்துக்கும் உண்டு என்பதை, சென்ற சித்திரையில் லீவுக்கு வந்த என் அக்காள் மகள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

பொம்மை என்றால் அவளுக்குக் கோபம் வரும். 1957-லேயே இங்கிலாந்தில் டாப்ளின் என்ற கர்னல் மின்சார மோட்டார் வைத்த மாதிரி விமானத்தை ரேடியோ மூலம் பறக்கவிட்டதையும், 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' குழு, நடிகர் அஜித்குமாரை ஆலோசகராகக் கொண்டு, ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டாவதாக வந்ததையும் அடுக்குவாள்.

மோட்டாரின் குணத்தை ஓர் எண் சொல்லிவிடும். அவளுடையது ஆயிரம்; அதாவது, ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் ஆயிரம் சுற்று. மூன்று செல் பாட்டரி 11.1 வோல்ட், ஆகவே 11,100 சுற்று. ஆனால் இது வெறும் மோட்டாரின் கணக்கு. விசிறியை மாட்டியதும் காற்று எதிர்க்கிறது. சுற்றுக் குறைகிறது, குறையக் குறைய மோட்டார் மின்சாரத்தை அதிகமாக இழுக்கிறது.

விசிறிக்கும் ஜாதகம் உண்டு. '8×4' என்றால் குறுக்களவு 8 அங்குலம். மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, ஒரு சுற்றுக்கு 4 அங்குலம் முன்னேற வேண்டியது.

"பெரிய விசிறியா மாட்டும்மா, நல்லா இழுக்கும்" என்றார் அடுத்த வீட்டுப் பெரியவர். அவளுக்கு வேலூரிலிருந்து ஒரு பெரிய இடத்துச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவரே.

அவள் பதில் பேசாமல் மோட்டாரைப் பலகையில் முடுக்கி, மீட்டரை இணைத்தாள். 8 அங்குல விசிறிக்கு 7 ஆம்பியர். பத்துக்கு 15-ஐத் தாண்டியது. அதே வேகத்தில் சுழற்றுவதென்றால், எட்டைப் பத்தாக்கினாலே சுமார் இரண்டரை மடங்கு சக்தி வேண்டுமாம். மோட்டாரின் எல்லையோ 12 ஆம்பியர், அதுவும் ஒரு நிமிஷத்துக்கு.

"இழுக்கும் தாத்தா, சுருள் கருகுற வரைக்கும் இழுக்கும்" என்றாள்.

"அப்போ சின்னதா ஒண்ணு?" என்றேன் நான்.

"மோட்டாருக்குச் சுகம் மாமா. விமானம்தான் கிளம்பாது."

9 அங்குலம் பொருந்தியது. வற்றிக் கிடந்த சமுத்திரம் ஏரியில், மலையைப் பார்க்க அது எழும்பியபோது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

திரும்பி வருகையில் அவள் சொன்னாள்: "பத்துக்கு எட்டுப் பொருத்தமாம். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுடணும்னு போற போக்கில சொன்னாங்களாம். அதை யாரும் கணக்கில சேக்கலை. எல்லாம் சுமை ஏத்தாமப் பாத்த கணக்கு, மாமா."

ஜாதகத்தோடு எனக்குச் சண்டை இல்லை. மோட்டாரில் எழுதியிருக்கும் எண்ணும் பொய் அல்ல. ஆனால் சுமை வரும்போது யார் எவ்வளவு தாங்க வேண்டியிருக்கும் என்பதை அது சொல்லுவதில்லை. அதை முன்னாலேயே கேட்டு அறிவதை மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம்; கருகிய பிறகு விதி என்கிறோம்.

இதை அக்காளிடம் சொன்னேன். "எட்டு இருக்கேடா" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெரியவரை அழைத்து, "பையன் ஒரு தரம் வந்து அவகிட்ட நேரே பேசட்டும். வேலை விஷயத்தை முதல்ல பேசட்டும். தேதியெல்லாம் அப்புறம்" என்றாள்.

பையன் இன்னும் வரவில்லை.