செப்புத்தலை

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு அக்கா தொலைபேசியில் அழைத்தார். குரல் நடுங்கிற்று. "அவன் பாம்பைப் பிடிச்சுத் தொங்கப் போறானாம்டா" என்றார்.

அவன் என்பது அக்காவின் ஒரே மகன். கலிபோர்னியாவில் சான் ஓசே நகரில் கணிப்பொறி வேலை. விடுமுறை நாட்களில் பாறையேற்றம். அடுத்த மாதம் யோசெமிட்டியில் எல் கேப்பிடன் என்னும் பெரும்பாறையில் ஏறப்போவதாகவும், சில இடங்களில் 'காப்பர்ஹெட்' வைத்துத்தான் ஏறவேண்டும் என்றும் தாயிடம் சொல்லியிருக்கிறான். எதிர்வீட்டுப் பெண் அச்சொல்லை இணையத்தில் தேடிக் காட்டியிருக்கிறாள். வந்தது கிழக்கு அமெரிக்காவில் வாழும், செம்பு நிறத் தலை கொண்ட ஒரு நச்சுப்பாம்பின் படம்.

பாம்பு இல்லை என்று விளக்கி அக்காவை அமைதிப்படுத்த அரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் அது என்ன என்று நமக்கும் தெரியாது. ('நாம்' என்று எழுதுவது வகுப்பறையில் பற்றிக்கொண்ட பழக்கம், வாசகர்கள் பொறுத்தருள்க.) மே மாத விடுமுறைக்கு அவனிடம் செல்லப் பயணச்சீட்டு முன்பே வாங்கியாகிவிட்டது. அக்கா நமது பெட்டியில் ஊறுகாயையும் பொடி வகைகளையும் வைத்ததோடு ஒரு கட்டளையையும் வைத்தார்: "நீ தாய்மாமன். போய் நிறுத்திட்டு வா."

தாய்மாமன் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் உள்ள கனத்தைச் சொல்லத் தேவையில்லை. அவனுக்குக் காது குத்தியது நமது மடியில் வைத்துத்தான். கம்பி உள்ளே போன கணத்தில் அவன் அழவில்லை, ஆசாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுதது அக்காதான்.

சான் ஓசேயில் இறங்கிய மறுநாள் இரவே வாகனக் கொட்டகையில் அவன் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினான். ஒரு சாண் நீள எஃகுக் கம்பிவடம். ஒரு முனையில் கொக்கி மாட்டுவதற்கான வளையம். மறுமுனையில் இறுக்கி வைத்த சிறு செப்பு உருளை. மிளகு அளவிலிருந்து புளியங்கொட்டை அளவு வரை பல இருந்தன. சிலவற்றில் செம்புக்குப் பதில் அலுமினியம். கொலராடோவைச் சேர்ந்த பில் ஃபாரஸ்ட் என்பவர் 1960களில் உருவாக்கிய பொருள் என்றான். செப்புத்தலை என்று நாம் பெயர் வைத்தோம். அவன் சிரித்துவிட்டு ஏற்றுக்கொண்டான்.

பாறையில் நல்ல வெடிப்பு இருந்தால் கையை நுழைத்தோ, உலோகக் கட்டைகளைச் செருகியோ, ஆணி அடித்தோ மேலே செல்லலாம். வெடிப்பும் இல்லாமல், விரல் நுனி பதிந்தாற்போல் ஓர் ஆழமற்ற பள்ளம் மட்டும் இருக்கும் இடத்தில் என்ன செய்வது? அங்கேதான் இந்தச் செப்புத்தலை. அதைப் பள்ளத்தில் வைத்துச் சுத்தியலாலும் மழுங்கிய உளியாலும் அடித்து அடித்து, உலோகத்தைப் பாறையின் பருக்களுக்குள் பிதுங்கச் செய்கிறார்கள். பள்ளத்தின் வடிவத்தை அது வாங்கிக்கொள்கிறது. பின் வளையத்தில் காரபைனர் கொக்கியை மாட்டி, அதில் நாடா ஏணியைத் தொங்கவிட்டு, ஏணியில் ஏறி நின்று அடுத்த பள்ளத்தைத் தேடுகிறார்கள்.

பள்ளி அறிவியல் நூல்களில் 'தகடாகும் பண்பு' என்று படித்திருக்கிறோம். அதன்மேல் ஒரு மனிதன் ஏறி நிற்பான் என்று எந்த ஆசிரியரும் சொல்லித்தந்ததில்லை.

தோட்ட வேலைக்கான கற்கள் விற்கும் கடையில் ஒரு கருங்கல் துண்டை வாங்கி, கொட்டகைச் சுவரோரம் மரச்சட்டத்தில் இரும்புப் பட்டையால் இறுக்கி, தலைக்கு மேல் உயரத்தில் நிறுத்தியிருந்தான். மலையிலேயே பழகக்கூடாதா என்று கேட்டோம். பழகுவதற்காகப் பாறையைக் காயப்படுத்துவது அவர்களிடையே இழிவாம். அது நமக்குப் பிடித்திருந்தது.

முதலில் அவன் அடித்தான். உளியை உருளையின் நடுவில் குறுக்கு மறுக்காக வைத்து அடித்து உள்ளே தள்ளினான். பிறகு விளிம்புகள். பிறகு இடப்பக்கத்தில் ஓர் அடி, வலப்பக்கத்தில் ஓர் அடி. உருளை சற்றேனும் புரண்டால் பிடிக்கவில்லை என்று பொருள். அலுமினியம் மென்மையானது, எளிதில் படியும். செம்பு முரண்டு பிடிக்கும், ஆனால் நிலைக்கும். "ரொம்ப அடிச்சாலும் கெட்டுப் போயிடும் மாமா" என்றான். அடிக்க அடிக்கச் செம்பு இறுகி, ஒரு கட்டத்துக்கு மேல் விரிசல் விடும். இதை எந்தப் பொற்கொல்லரும் அறிவார். அவர் தகட்டைத் தீயில் காய்ச்சி மீண்டும் இளக்கிக்கொள்வார். சுவரில் தொங்குபவனிடம் உலை இல்லை. குறைவாக அடித்தால் கழன்றுவிடும், மிகுதியாக அடித்தால் வெடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதைக் கைதான் அறியவேண்டும்.

அடித்தபின் சோதனை. ஏணியில் மெல்ல எடையை ஏற்றி, பின் சற்றே குதித்து, பின் இன்னும் வலுவாகக் குதித்துப் பார்க்கவேண்டும். அப்போது முகத்தைத் திருப்பி, தலைக்கவசத்தை அதற்குக் காட்டவேண்டும். அவன் வைத்தது அசையவில்லை. அடுத்ததை நாம் அடித்தோம். நமது கைக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. ஏறி நின்றோம், நின்றது. பெருமையோடு நிமிர்ந்து அதைப் பார்த்தோம். அந்தக் கணத்தில் அது பிடுங்கிக்கொண்டு வந்து கன்னத்தைக் கீறிச் சென்றது. விழுந்தது ஓர் அடி உயரத்திலிருந்துதான். வீட்டாரோடு காணொளியில் பேசுகையில் இரண்டு நாட்கள் வலக்கன்னத்தை மட்டுமே காட்டினோம்.

"மாமா, உங்களுது நின்னுச்சு. குதிச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நம்பிட்டீங்க" என்றான்.

ஒரு செப்புத்தலை ஓர் ஆளைத் தாங்கும். பல நேரங்களில் அவ்வளவுதான் தாங்கும். மேலிருந்து ஒருவன் விழுந்தால் அந்த இழுப்பில் பிடுங்கிக்கொள்ளும். வரிசையாகப் பத்து இருந்தால், பத்தும் சட்டையின் ஜிப் திறப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடக்கூடும். செயற்கை ஏற்றத்துக்கு ஏ0 முதல் ஏ5 வரை தரவரிசை வைத்திருக்கிறார்கள். ஏ5 என்றால், ஒரு கயிற்று நீளம் முழுவதிலும் விழுபவனை நிறுத்தக்கூடிய பிடிப்பு ஒன்றேனும் இல்லை என்று பொருள். அத்தகைய ஒரு கயிற்று நீளத்தைக் கடக்கப் பல மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும், விழுந்தால் தாங்காத ஒன்றின்மேல்தான் அவன் நிற்கிறான்.

தயாரித்து வைத்திருந்த அறிவுரையை இங்கே தொடங்கினோம். தந்தையில்லாப் பிள்ளை, அக்காவின் தனிமை, வயது என்று வகுப்பறை ஒழுங்கோடு சொன்னோம். அவன் குறுக்கிடாமல் கேட்டான். பிறகு, "ஒவ்வொண்ணும் எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியும் மாமா. அதுக்கு மேல அதுகிட்ட நான் கேக்க மாட்டேன்" என்றான்.

நல்ல விடைதான், முழு விடை அன்று. அவன் ஏறவிருந்தது ஸோடியாக் என்னும் வழி. 1972இல் சார்லி போர்ட்டர் என்பவர் தனியாளாக ஏறித் திறந்தது. (இராசிச் சக்கரம் என்று பொருள், அக்காவிடம் சொல்லவில்லை, சோதிடரிடம் ஓடியிருப்பார்.) அவ்வழியில் முன்பு ஏறியவர்கள் விட்டுச்சென்ற செப்புத்தலைகள் இன்னும் பாறையில் இருக்கின்றன. அவற்றைப் பிடுங்க முயன்றால் பல நேரங்களில் கம்பி மட்டும் அறுந்து வரும், உலோகக் கட்டி பள்ளத்திலேயே தங்கிவிடும். அடுத்து வருபவன் அதை உளியால் கொத்தி எடுத்தால்தான் புதிது வைக்கமுடியும். கொத்தக் கொத்தப் பாறை தேயும். ஆகவே விட்டுச்செல்வதே மரபாகிவிட்டது. அவற்றை யார் அடித்தார், எத்தனை ஆண்டுகளுக்கு முன், எத்தனை பேர் அதில் தொங்கினார் என்பதற்கு ஏடு ஏதும் இல்லை. கம்பியின் துருவைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். "அது எவ்வளவு தாங்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டோம். "தெரியாது" என்றான். ஒளிக்காமல் சொன்னான் என்பதால் அதற்குமேல் திட்டவும் முடியவில்லை.

சுத்தியலே கூடாது என்பாரும் அவர்களில் உண்டு. இவான் ஷூநார்ட் கொல்லுப்பட்டறை வைத்து ஆணிகள் செய்து விற்றவர். ஆணிகள் பாறையைச் சிதைப்பதைக் கண்டு, 1972இல் தம் விற்பனைப் பட்டியலிலேயே ஆணியை விடுத்துக் கையால் செருகும் கட்டைகளுக்கு மாறுங்கள் என்ற கட்டுரையை வெளியிட்டார். தாம் விற்கும் சரக்குக்கு எதிராகத் தம் பட்டியலிலேயே எழுத இடம் தந்த வணிகர் வேறு எவரையும் நாம் கேள்விப்பட்டதில்லை. அதன்பின் பெரும்பாலான வழிகளில் சுத்தியலுக்கு வேலை குறைந்தது. செப்புத்தலை மட்டும் மிஞ்சிற்று. சிலர் பள்ளத்தைச் சற்றே ஆழமாக்கிக்கொள்வதும் உண்டு. அதை அவன் திருட்டு என்றான். பாறை என்ன தருகிறதோ அதற்குள் உலோகம்தான் வளைந்துகொள்ள வேண்டுமாம்.

மே மாத மூன்றாம் வாரம் அவனும் இரு நண்பர்களும் ஏறத் தொடங்கினர். கீழே மெர்செட் ஆற்றங்கரைப் புல்வெளியில் ஒரு மடக்கு நாற்காலியும் தொலைநோக்கியுமாக நாம் அமர்ந்தோம். எல் கேப்பிடன் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். எண் ஒன்றும் உணர்த்துவதில்லை. நமக்கு உணர்த்தியது, தொலைநோக்கி இல்லாமல் பார்த்தால் அங்கே மனிதர் இருப்பதே தெரியவில்லை என்பதுதான். இரவில் மட்டும் அவர்களின் நெற்றி விளக்குகள் பாறையில் மூன்று புள்ளிகளாகத் தெரிந்தன. நமது தூக்கம் அந்தப் புள்ளிகள் அணைந்த பின்தான்.

மூன்றாம் நாள் முற்பகல். சிவப்புத் தலைக்கவசம் அவனுடையது. இரண்டு மணி நேரமாக அது ஏறத்தாழ ஒரே இடத்தில் இருந்தது. கை மட்டும் உயர்ந்து தாழ்ந்தது. அடிக்கும் ஓசை நமக்குக் கேட்கவில்லை. கேட்பதாக ஒரு பிரமை. அப்போது அக்கா அழைத்தார். அங்கே நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப எங்க இருக்கான்?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நல்லா பெரிய பெரிய இரும்பு ஆணியா அடிச்சு, அதுல கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்" என்றோம். இருபத்திரண்டு ஆண்டுகள் மாணவரிடம் பொய் கூடாது என்று சொல்லிவந்த வாய்.

சொல்லி முடிப்பதற்குள் சிவப்புப் புள்ளி அங்கே இல்லை. தொலைநோக்கியைக் கீழே இறக்கினோம். பாறைக்கு வெளியே, வெறும் காற்றில், கயிற்றின் முனையில் ஒரு பூச்சிபோல் அது ஊசலாடிக்கொண்டிருந்தது. அசைகிறதா என்று தெரியவில்லை. செவியில் அக்கா "சொல்லு, சொல்லு" என்கிறார். என்ன பேசுவது? "அக்கா, சாம்பார்ப் பொடிக்கு எத்தனை மிளகாய்க்கு எவ்வளவு மல்லி?" என்று கேட்டோம். அவர் மல்லியும் துவரம்பருப்பும் வெந்தயமும் அளவு சொல்லிக்கொண்டே போனார். நாம் "உம்" கொட்டினோம். வெந்தயத்துக்கு வரும்போது புள்ளி ஒரு கையை உயர்த்தியது. பெருங்காயத்தின்போது கயிற்றில் மேலேறத் தொடங்கியது.

இறங்கிவந்தபின் சொன்னான். பழைய செப்புத்தலை ஒன்று. சோதித்தபோது நின்றது, ஏணியின் மேற்படிக்கு ஏறியபோது கம்பி அறுந்தது. கீழிருந்த அவனுடைய இரண்டும் பிடுங்கிக்கொண்டன, மூன்றாவது ஓர் ஆணி நிறுத்தியது. பாறை அங்கே வெளிநோக்கிச் சாய்ந்திருப்பதால் மோதிக்கொள்ள ஏதுமில்லை. திரும்ப ஏறி, பள்ளத்தில் எஞ்சிய கட்டியைக் கொத்தி எடுத்துவிட்டுத் தன்னுடையதை அடித்திருக்கிறான். அது இப்போது அங்கேதான் இருக்கிறது. அடுத்து வருபவர் அதில் தொங்குவார்.

அறுந்த கம்பியை நமக்குத் தந்தான். ஜூன் மாதம் ஊர் திரும்பியதும் அக்காவின் சமையலறையில் அதை அவர் கையில் வைத்தோம்.

"இதுதானா அந்தப் பாம்பு?" என்றார். கம்பியைப் புரட்டிப் பார்த்தார். "எவ்வளவு தாங்கும்?"

"ஓர் ஆளைத் தாங்கும்."

"விழுந்தா?"

"விழுந்தா தாங்காது அக்கா."

அறுந்த முனையின் இழைகளை விரலால் தடவிக்கொண்டே சற்று நேரம் நின்றார். பிறகு அடுப்பைத் தணித்தார்.

"அன்னைக்கு நடுராத்திரியில சாம்பார்ப் பொடிக்கு அளவு கேட்டியே, அப்பவா?"