தாத்தா குரலும் இரண்டு ஸ்பீக்கரும்

எங்கள் தாத்தா கோயில் கொடையில் மைக் பிடித்துப் பேசிய கேசட் ஒன்று வீட்டில் இருக்கிறது. தாத்தா இறந்து மூன்று வருடம் ஆகிறது. மாமா அதைப் போனில் ஏற்றிக் கொண்டு வந்தார். போனில் கேட்டால் கொசு பேசுவது போல இருந்தது. ஆச்சிக்காக ஸ்பீக்கர் வாங்கலாம் என்று முடிவு செய்தோம்.

மாமா மைக்செட் வேலைக்குப் போகிறவர். தெரிந்த கடையில் சொல்லி இரண்டு விதமாக எடுத்து வந்தார், பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. ஒன்றில் நீல விளக்கு எரியும். போட்டதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. இன்னொன்று வெறும் மரப்பெட்டி, ஒரு முழம்கூட உயரம் இல்லை.

நான் உடனே, “நீல விளக்குதான் மாமா” என்றேன்.

“சத்தம் கூட இருந்தா நல்லா இருக்க மாதிரிதான் தோணும். ரெண்டையும் ஒரே சத்தத்துல வச்சுக் கேளு” என்றார். மூலையில் ஒட்டி வைத்தால் சுவரே பேஸைக் கூட்டிவிடுமாம். அதனால் சுவரை விட்டுத் தள்ளி, ஸ்டூல் மேல் காது உயரத்துக்கு வைத்தோம். என்னைத் திரும்பி உட்காரச் சொல்லி, எது பாடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டார். சினிமாப் பாட்டில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“அந்தப் பாட்டை நேர்ல எப்படிப் பாடுனாங்கன்னு நமக்குத் தெரியாதுல்லா. தெரிஞ்ச ஆள் பேச்சைப் போடணும்” என்றார் மாமா. இங்கிலாந்தில் பி.பி.சி. என்ஜினியர்கள் 1970-களில் ஒலிபரப்பு வேனுக்குள் வைக்க எல்.எஸ்.3/5ஏ என்று சுமார் 30 செ.மீ. உயரப் பெட்டி ஒன்று செய்தார்கள். அவர்களும் மனுஷப் பேச்சை வைத்துச் சோதித்தவர்கள்தானாம்.

ஆச்சியைக் கூப்பிட்டோம். தாத்தா குரல் ஆச்சியை விட யாருக்குத் தெரியும்?

நீல விளக்கில் போட்டதும் ஆச்சி, “யாருல இது? பானைக்குள்ள தலைய விட்டுப் பேசுதான்” என்றார்கள்.

மரப்பெட்டியில் போட்டார். தாத்தாவுக்கு முன்பல் இரண்டு கிடையாது. ‘ச’ வந்தால் ‘ஸ்ஸ்’ என்று காற்று போகும். நம் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று ஒலி பாடத்தில் படித்தோம் அல்லவா? இந்த ‘ஸ்’ எல்லாம் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ். மரப்பெட்டியில் அதற்கென்றே ட்வீட்டர் என்று சின்ன ஸ்பீக்கர் தனியாக இருக்கிறது. நீல விளக்கில் அது இல்லை. விளக்குதான் இருக்கிறது.

ஆச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். “ஏட்டி, பல்லு ஓட்டைல காத்து போறது கேக்கா?” என்றார்கள். பிறகு திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். கரண்ட் போகிற வரை போட்டோம்.

மறுநாள் நீல விளக்கைக் கடையில் கொடுத்துவிட்டார் மாமா. எனக்கு அந்த விளக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஆசை உண்டு.

— 9ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி