‘மே நாட்’ என்று எழுதிய மாணவன்

1988. கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. நான் ஆங்கில ஆசிரியர்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள், “கேன், மே இரண்டும் வரும்படி, நடுவில் பட் போட்டு ஒரு வாக்கியம் எழுதுங்கள்” என்றேன். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன் எழுதினான்: ‘ஆஃப்டர் பொங்கல் ஐ கேன் கம், பட் ஐ மே நாட் கம்.’

“மே நாட் என்றால் அனுமதி இல்லை. உன்னை வரக் கூடாது என்று யார் சொன்னது?” என்று சிவப்பு மையால் அடித்து, ‘ஐ வில் கம்’ என்று திருத்தினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

விடுமுறை முடிந்தும் அவன் வரவில்லை. வெள்ளிமலைப் பையன் ஒருவன் சொன்னான்: “அவங்க அப்பாவுக்கு உடம்பு முடியலீங்க சார். இவன் வேலைக்குப் போறான்.”

அப்போதுதான் உறைத்தது. தமிழில் ‘வரலாம்’ என்பது அனுமதிக்கும் ஆகும், சந்தேகத்துக்கும் ஆகும். எதிர்மறையில் மட்டும் ‘வரக் கூடாது’, ‘வராமல் போகலாம்’ என்று இரண்டாகப் பிரியும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘மே நாட்’தான். ‘யூ மே நாட் கோ’ என்றால் போகக் கூடாது. ‘ஐ மே நாட் கம்’ என்றால் வராமல் போகலாம்.

‘என்னால் வர முடியும், ஆனால் வராமல் போகலாம்.’ அவன் சரியாகத்தான் எழுதியிருந்தான். வீட்டு நிலைமையை எனக்கு அவன் சொன்னது அந்த ஒரு வரியில்தான். நான் இலக்கணம் பார்த்தேன்.

ஓய்வு பெறும்வரை, ‘பட்’டுக்குப் பின்னால் வருவதைத் திருத்துமுன், “ஏம்ப்பா இப்படி எழுதினே?” என்று கேட்டுவிடுவேன். அந்தப் பையன் திரும்பிப் பள்ளிக்கு வரவேயில்லை.