நாம் எழுதிய பொய்

தமிழ் கற்றோம், பட்டம் பெற்றோம், பள்ளியிலே பாடம் சொல்லுகிறோம். மெய்யே பேசவேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம். அதே கையால் நாம் எழுதிய பொய் ஒன்று உண்டு. அதனை இன்று சொல்லிவிடுகிறோம்.

நம் ஊர் அரியலூர்ப் பக்கம். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னே கடல் கிடந்த மண். கல்லாகிப்போன கிளிஞ்சல்கள் இன்றும் அங்கே கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை வெடித்து, நொறுக்கி, அரைத்து, ஏறத்தாழ 1450 டிகிரி வெப்பத்திலே சுட்டால் சிமெண்டு பிறக்கிறது. ஊரெங்கும் எழும் மாடிகளுக்கு நம் மண் அடித்தளம்! அந்த மண்ணின் மைந்தனுக்கு?

கல் நொறுக்கும் எந்திரத்துக்கு ஓய்வு உண்டு. சம்மட்டிகள் தேய்ந்தால் நிறுத்துவர். பெல்ட் கிழிந்தால் நிறுத்துவர். எந்திரம் உறங்கும் நேரமே நம் அண்ணன் விழித்திருக்கும் நேரம். பராமரிப்புக் குழுவிலே ஃபிட்டர். பதினோர் ஆண்டுப் பழக்கம். ஆயினும் அவர் ஆலையின் ஆள் அல்லர், ஒப்பந்தக்காரரின் ஆள். ஒப்பந்தக்காரர் மூவர் மாறினர், அண்ணன் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் புதிய அட்டை. மீண்டும் புதிய ஆள்! ஒரே உருளையை இருவர் கழற்றுவர். ஒருவருக்கு மாதச் சம்பளம், மற்றவருக்கு நாட்கூலி. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையிலே முழங்குகிறோமே, கழுத்திலே தொங்கும் அட்டையால் மட்டும் அது இருக்கலாமோ?

எந்திரத்துள் கை வைக்குமுன் மின்விசையை நிறுத்தவேண்டும். வேலை செய்வோர் ஒவ்வொருவரும் அதிலே தம் பூட்டைப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவேண்டும். கடைசி மனிதர் வெளியே வந்து தம் பூட்டைத் திறக்கும்வரை எந்திரம் அசையக்கூடாது. உயிருக்குக் காவல் அந்தச் சிறு பூட்டு!

அன்றிரவு அண்ணனிடம் பூட்டு இல்லை. ஒப்பந்த ஆட்கள்வரை அது வந்து சேரவில்லை. யாரோ விசையைத் தட்டினர். பெல்ட் அசைந்தது. இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் ஒப்பந்தக்காரர் வந்தார், கையிலே பழங்களுடன். "வீட்டுக் கிணற்று மோட்டாரிலே அடிபட்டதாக எழுதிக் கொடுங்கள்; வேலைக்குக் குறைவு வராது. தம்பி படித்தவராயிற்றே, நன்றாக எழுதுவார்" என்றார்.

அண்ணன் நம்மைப் பார்த்தார். "எழுது தம்பி" என்றார்.

நம் கல்லூரிக் கட்டணம் அந்த விரல்கள் ஈட்டிய பணம். எழுதினோம். பிழையின்றி, அழகிய தமிழில் எழுதினோம்!

பின்னரே சட்டம் படித்தோம். ஒப்பந்தக்காரரின் ஆள் வேலையிலே காயமுற்றால், வேலையை ஒப்படைத்த முதலாளியும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்த நெறியைக் கைவிடவில்லை. கதவு திறந்தே இருந்தது. அதைச் சாத்தியது நாம் எழுதிய தாள்! வேலையிலே பட்ட காயத்தை வீட்டுக் காயம் ஆக்கியவர் ஒப்பந்தக்காரர் மட்டுமா? பட்டம் பெற்ற நாமும்தான்.

"மெய்யை எழுதுவோமா, அண்ணா?" என்று சென்ற வாரம் கேட்டோம். "வேலை போனால்?" என்றார். நம்மிடம் விடை இல்லை. நெடுநேரம் கழித்து அவரே சொன்னார்: "எழுது. அடுத்து வருகிறவனுக்காவது பூட்டு கிடைக்கட்டும்."

எழுதிவிட்டோம். நடந்தது நடந்தபடி எழுதினோம். தொழிலாளர் துறை அதிகாரிக்கு அனுப்பினோம். அண்ணன் எஞ்சிய விரல்களாலே கையொப்பமிட்டார். ஞாயிறுதோறும் நம் வீட்டுத் திண்ணையிலே ஒப்பந்தத் தோழர்கள் சிலர் கூடுகின்றனர்; கையொப்பம் கேட்டு வரும் தாள்களை வரிவரியாகப் படித்துக் காட்டுகிறோம்.

கற்ற நண்பர்களே! உங்கள் ஊரிலும் ஒருவர் தாளை நீட்டி, "எழுதிக் கொடுங்கள்" என்பார். பேனாவைத் திறக்குமுன் கேளுங்கள்: இது யாருடைய விரல்?