முடி தேடியவன் வந்து நின்ற அடி

பௌர்ணமி இரவில் கிரிவலம் போகிறவர்களுக்கு அடி அண்ணாமலை வரும்போது கால் கடுக்கத் தொடங்கியிருக்கும். கிழக்குக் கோபுரத்தடியில் கற்பூரம் கொளுத்திக் கிளம்பி, இந்திரன், அக்னி, எமன், நிருதி என்று திசைக்கொரு லிங்கமாகக் கும்பிட்டு, செங்கம் சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பி, வருண லிங்கத்தையும் கடந்தாயிற்று. 14 கிலோமீட்டரில் ஏறத்தாழப் பாதி முடிந்தது. சுக்குக் காபி வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம். சாலையோரத்தில் செருப்பில்லாத கால்களை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் ஏறிய சிறு கல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும் குடும்பங்கள். சற்று விலகி நிற்கும் கோயிலுக்குள் சிலர் நுழைகிறார்கள். நேரமாகிறது என்று கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுகிறவர்களும் ஏராளம்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. திருவண்ணாமலை என்றாலே கண்ணுக்குள் நிற்பது மலையின் கிழக்கு அடிவாரத்துப் பெரிய கோயில்தான். 11 நிலை, 217 அடி உயர ராஜகோபுரம். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. ஆயிரங்கால் மண்டபமும் அதன் எதிரே குளமும் அந்த ராயரின் கொடை. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கும் கல்வெட்டுகளைப் படித்தும், கட்டடங்களை அளந்தும், ஊரின் தெருக்களையும் மக்களையும் ஆராய்ந்தும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 1989, 1990 ஆண்டுகளில் ஐந்து தொகுதிகள் வெளியிட்டன. இத்தனை பெரிய வீட்டின் கொல்லைப்புறத்தில் இருப்பதுபோல, மலைக்கு மறுபக்கம் அடங்கி நிற்கிறது அடி அண்ணாமலைக் கோயில்.

இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. ஊராட்சியின் பெயர் அடி அண்ணாமலை. சுவாமியின் பெயரோ ஆதி அருணாசலேஸ்வரர். பக்தர் வாயில் ஊரும் ‘ஆதி அண்ணாமலை’ ஆகிவிடுகிறது. அடி என்பது இடத்தைச் சொல்லும் சொல், மலையின் காலடி. ஆதி என்பது காலத்தைச் சொல்லும் சொல், முதலில் தோன்றியது. ஓர் எழுத்து நீண்டதில் ஊரின் உரிமையும் நீள்கிறது: பெரிய கோயிலுக்கும் முந்தியது இதுதான், பிரமன் தன் கையால் நிறுவிய லிங்கம் என்கிறது தலமரபு.

பிரமனின் பெயர் இங்கே அடிபடுவதில் ஓர் ஆழம் உண்டு. சோதிப் பிழம்பாக நின்ற சிவனின் அடியைத் தேடித் திருமால் பன்றியாய் நிலத்தைக் குடைந்தார். முடியைத் தேடிப் பிரமன் அன்னமாய்ப் பறந்தார். திருமால் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிரமன் தாழம்பூவைச் சாட்சி வைத்து, கண்டேன் என்று பொய் சொன்னார். பூசையை இழந்தார் பிரமன். சிவபூசையில் இடத்தை இழந்தது தாழம்பூ. அந்த லிங்கோத்பவர் கதைக்குச் சொந்தமான மலை இது. முடி தேடிப் போனவர் லிங்கம் வைத்து வணங்கியதாக மரபு காட்டும் இடமோ மலையின் அடி. பெயரில் இருக்கும் ‘அடி’ வெறும் திசைக்குறிப்பு என்று இதற்குப் பிறகு நினைக்கத் தோன்றாது.

வழக்குக்குத் தீர்ப்பு வேண்டுமென்றால் மாணிக்கவாசகரைத்தான் கேட்க வேண்டும். அவருக்கென்று இங்கே ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. வேகமாக நடந்தால் கண்ணில் படாமலே போய்விடும். திருவெம்பாவையும் திருவம்மானையும் அண்ணாமலையில் அருளியவை என்பது சைவர்கள் போற்றிவரும் குறிப்பு. மார்கழி விடியலில் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு நீராடப் போன இந்த ஊர்ப் பெண்களைப் பார்த்துத்தான் திருவெம்பாவை பிறந்தது என்று உள்ளூரில் சொல்கிறார்கள். மொத்தம் 20 பாட்டு. முதல் பாட்டு, ஆதியும் இல்லாத முடிவும் இல்லாத சோதியைச் சொல்கிறது. 18ஆவது பாட்டு அண்ணாமலையானின் திருவடியைச் சொல்லி எழுகிறது. 20ஆவது பாட்டு முழுக்கத் திருவடிக்கே போற்றி. அதுவும், எல்லாவற்றுக்கும் ஆதியாக இருப்பது அந்த அடிதான் என்று தொடங்குகிறது. அடியா, ஆதியா என்று பெயர்ப்பலகைகள் முரண்படும் ஊரில் பாடியவர் என்று மரபு சொல்லும் மனிதர், இரண்டையும் ஒரே அடியில் கட்டிவைத்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சின்னச் சன்னதியின் முன் நிற்பது வேறோர் அனுபவம்.

அந்தப் பாட்டு போன தூரமும் கொஞ்சமல்ல. தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் சடங்கின் பெயர் ‘திரியம்பாவை, திரிபாவை’. திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் நாக்கு மாறி அப்படி ஆகியிருக்கின்றன. பொருள் மறந்துபோன பிறகும், தலைமுறை தலைமுறையாக ஓசையைக் கைவிடாமல் ஓதிவருகிறார்கள். சடங்கின் பகுதியாகப் பாங்காக்கில் 1784இல் ஒரு மாபெரும் ஊஞ்சல் மரம் நாட்டப்பட்டது. ஆடுகிறவர்கள் விழுந்து உயிரிழந்ததால் 1935இல் ஊஞ்சலாட்டத்தை நிறுத்தினார்கள். சிவப்புத் தூண்கள் மட்டும் நகரின் அடையாளமாக நிற்கின்றன. தமிழே அறியாத ஒரு நாட்டின் தலைநகரில் ஒலிக்கும் பாட்டைத் தன் ஊரில் பிறந்தது என்று நம்பும் கிராமத்தில், அந்தச் செய்தியைச் சொல்ல ஒரு பலகை வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மலையின் மேற்கு என்பது ஒதுக்குப்புறமாக இருந்ததும் இல்லை. இங்கிருந்து மேற்கே போனால் செங்கம். மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா அதுதான். மைசூர்ப் பக்கத்திலிருந்து கணவாய் வழியே சமவெளிக்கு இறங்கும் பாதையும் அதுவே. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் ஸ்மித்தின் படையும் முதலில் செங்கத்திலும், பிறகு திருவண்ணாமலையிலும் மோதின. கிரிவலக்காரர்கள் இன்று செங்கம் சாலையில் நடக்கும் அந்தக் கொஞ்ச தூரம், படைகள் மிதித்த வழியின் நீட்சி.

இவ்வளவும் இருக்கிற ஊரை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவது வருத்தம் தருகிறது. 1896இல் திருவண்ணாமலைக்கு வந்து, 1926 வரை மலையைச் சுற்றிவந்த ரமணர், அடியார்களோடு வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, சில சமயம் நாட்கணக்கில் நடந்தார். அண்ணாமலையாரே ஆண்டுக்கு இரண்டு முறை, கார்த்திகை தீபத்தை ஒட்டியும் மாட்டுப் பொங்கல் திருவூடலுக்கு மறுநாளும், இந்த வழியாக மலையைச் சுற்றுகிறார். மண்டகப்படிக்கு நின்று நின்றுதான் சுவாமியும் போவார்.

போவதென்றால் பௌர்ணமியைத் தவிர்த்து, மார்கழியில் ஒரு சாதாரண நாளில் போக வேண்டும். நகரத்தில் இருப்பவர்களுக்கு மலை மேற்கே. காலை வெயில் நேரே கோபுரத்தில் விழும், மாலையில் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறையும். அடி அண்ணாமலையில் எல்லாம் தலைகீழ். 2,668 அடி மலை கிழக்கே நின்று விடியலை மறிக்கிறது. ஊரில் வெளிச்சம் வந்துவிடும், வெயில் வராது. வாசலில் கோலம் போட்டு முடித்து, பூசணிப்பூவைச் சாணத்தில் செருகிவிட்டு நிமிரும் பெண்ணின் முகத்தில் இன்னும் நிழல்தான். திருவெம்பாவையின் 18ஆவது பாட்டில் ஓர் உவமை வரும்: அண்ணாமலையானின் அடியில் பணியும் தேவர்களின் முடிமணிகள் ஒளி குன்றுவது போல, கதிரவன் எழுந்ததும் விண்மீன்கள் மங்குகின்றன. அந்தக் கதிரவனுக்காகக் காத்திருக்க இதைவிடத் தக்க இடம் கிடையாது.

முதலில் மேற்கே தூரத்து வயல்களில் வெயில் விழுகிறது. மலையின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாக அடிவாரத்தை நோக்கிப் பின்வாங்குகிறது. மரங்களின் தலை மஞ்சளாகிறது, பிறகு கோபுரக் கலசம், பிறகு கோபுரத்துச் சுதைப் பொம்மைகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக. கடைசியாகத்தான் வெயில் தரைக்கு இறங்கி, பனியில் சில்லிட்டுக் கிடந்த பிரகாரத்துக் கல்லைத் தொடுகிறது. சற்று நேரத்தில் அந்தக் கல் வெறுங்காலுக்கு இதமாகிவிடும்.