நதிகளின் தாய்வீடு

மலைநாட்டைக் காணச் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் நுவரெலியாவின் மலர்ப் பூங்காவையும் தேயிலைத் தோட்டங்களையும் கண்டு திரும்பிவிடுகின்றன. அங்கிருந்து ஏறக்குறைய 32 கிலோமீற்றர் தொலைவில், கடல் மட்டத்திற்கு 2,100 மீற்றர் உயரத்திலே பரந்து கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளியையும் ஒருமுறை காணுதல் நன்று. ஆங்கிலேயத் தேசாதிபதி ஒருவரின் பெயரைத் தாங்கிய இந்நிலம் 1988ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் அமைந்துள்ள பட்டிப்பொலவில் மாணவர் சிலருடன் தங்கிய நாம், விடியுமுன்னரே வாகனத்திற் புறப்பட்டோம். பூங்கா வாயிலில் காவலர் எம் பைகளைச் சோதித்து, பொலித்தீன் உறைகளை அகற்றினர். அதன்பின் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நடைவழி. பனி படர்ந்த புல்வெளியில் மரைகள் அச்சமின்றி மேய்ந்தன. 'உலக முடிவு' எனப்படும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்று நோக்கினோம். 870 மீற்றர் அளவான பள்ளத்தின் கீழே காடும் ஊர்களும் சிறு கோலம்போலத் தோன்றின. சிறிது நேரத்தில் முகில் எழுந்து யாவற்றையும் மூடிவிட்டது. ஆதலால் அதிகாலையிற் செல்வதே ஏற்றது.

காட்சி மறைந்ததே என மாணவர் வருந்தினர். ஆயினும் அம்முகிலே இச்சமவெளியின் செல்வமாகும். குறுகி வளர்ந்த மரங்களின் இலைகளிலும் பாசியிலும் படியும் ஈரம் துளித்துளியாக நிலத்தில் இறங்குகின்றது. புற்றரையின் கரிய மண் அதனைத் தேக்கி, ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக அளிக்கின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இங்கிருந்தே நீர் செல்கின்றது. திருகோணமலையிற் கொட்டியாரக் குடாவிலே கடலைச் சேரும் மகாவலியிலும் இம்முகிலின் பங்கு உண்டு.

இத்தகைய நிலத்திற்கும் கேடு நேர்ந்துள்ளது. இங்குள்ள அழகிய நீர்வீழ்ச்சி, யானை வேட்டைக்குப் பேர்போன சாமுவேல் பேக்கரின் பெயரால் வழங்குகின்றது. முன்னாளில் இங்கு உலாவிய யானைகளோ வேட்டையால் அற்றுப்போயின. இன்று காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. அதன் காரணங்களை ஆராய்வோர் இன்னும் ஒருமுகமான முடிவுக்கு வரவில்லை.

ஆகவே, இங்கு செல்லும் இளைஞர் வழிவிட்டு விலகாது நடத்தல் வேண்டும். மரைகளுக்குத் தின்பண்டம் அளித்தல் கூடாது. ஒரு பூவையேனும் பறித்தலாகாது. தாழ்நிலத்தில் நாம் அருந்தும் நீருக்கும் உண்ணும் சோற்றுக்கும் இம்மேட்டு நிலம் துணைநிற்கின்றது என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு அவ்விடத்திலேயே எடுத்துக் கூறுவாராக.