போகாத ஊருக்குத் திரும்புதல்

ஆங்கில அரசியல் வார இதழ்களில் எப்போதாவது தலைகாட்டும் வினைச்சொல் 'ரிபேட்ரியேட்'. தந்தையர் நாட்டைக் குறிக்கும் 'பாட்ரியா' என்ற லத்தீன் சொல் அதற்குள் இருக்கிறது. போர்க் கைதியையோ வெளிநாட்டில் இறந்தவரின் உடலையோ சொந்த நாட்டுக்கு அனுப்பும்போது இதழாளர்கள் அதை எடுப்பார்கள். கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அது இலட்சக்கணக்கான குடும்பத்தினர்மேல் விழுந்தது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் புதுதில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று முடிவாயிற்று. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

ஒப்பந்தத்தில் இருந்த 'ரிபேட்ரியேட்' என்ற சொல்லைப் பத்திரிகைகள் அப்படியே எடுத்துக்கொண்டன. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

ஒருவரைத் 'திருப்பி' அனுப்ப வேண்டுமானால் அவர் முன்பு அங்கிருந்து வந்திருக்க வேண்டும். தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல். கண்டிக்கு ரயில் வந்ததும் அதே ஆண்டில்தான். அதற்கு முன்பே கோப்பிக் காலத்தில் இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆட்கள் மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தார்கள். 1964இல் ஒரு லயத்துப் பிள்ளைக்கு இந்தியா என்பது பெரும்பாலும் தாத்தா பாட்டி சொன்ன ஊர்ப்பெயர். அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதும்போதும் இதழ்கள் அதே வினையைத்தான் போட்டன.

தமிழ்நாட்டு அரசு ஆவணங்கள் அதை 'தாயகம் திரும்பியோர்' என்றாக்கின. ஆங்கிலத்தில் இருந்த அதே முன்முடிவு தமிழில் இன்னும் கனிவான குரலில் வந்தது. தோட்டத்துச் சனங்களோ 'இந்தியாவுக்குப் போறது' என்றார்கள். யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பதை அந்தப் பேச்சு நேர்மையாகச் சொல்கிறது. செய்தியாளர்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம்.

போனவர்கள் கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் பெற்று, தலைமன்னாருக்குக் கோச்சியேறி, கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். 1984இல் கப்பல் நிற்கும்வரை அப்படிப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். சிலருக்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. தாயகம் என்று சொல்லப்பட்ட இடத்தில் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் 'சிலோன்காரர்'.

அந்த ஆங்கில வினை அத்தோடு ஓயவில்லை. பெயர்ச்சொல்லாகி ஆளோடு ஒட்டிக்கொண்டது. கப்பலிறங்கிப் பல பத்தாண்டுகள் ஆனவர்களையும் கட்டுரைகள் 'ரிபேட்ரியேட்' என்றே குறித்தன. பயணம் முடிந்தும் பயணியென்றே ஒருவரை அழைத்துக்கொண்டிருப்பது அவர் இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்வதாகும்.

இங்கே இலங்கையிலேயே தங்கியவர்கள் தங்களுக்கான பெயரைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அந்தனி ஜீவா நடத்திய 'கொழுந்து' போன்ற சிறிய இதழ்கள் 'மலையகம்' என்ற சொல்லை இடைவிடாமல் அச்சேற்றின. 'அகம்' என்றால் வீடு. இந்தியப் பாஸ்போர்ட் பெற்றும் கப்பலேறாமல் இருந்துவிட்டவர்கள், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இலங்கைப் பிரஜைகளாகும் வாய்ப்பைப் பெற்றார்கள்.

அதே வினை இப்போது எதிர்த்திசையில் ஓடுகிறது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் தமிழ்நாடு சென்ற அகதிகளில் மலையகத்தாரும் உண்டு. முகாம்களிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை இலங்கைக்கு அனுப்புவதைப் பற்றி எழுதும்போதும் ஆங்கில இதழ்களுக்கு ரிபேட்ரியேட்தான் கைக்கு வருகிறது. இராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்ச் சோதனைக்காக அங்கே தடுத்து வைத்தார்கள். ஒப்பந்தத்தில் வந்தவர்களும் அங்கேதான் தங்கினார்கள், பிறகு அகதிகளும் அங்கேயே. அந்த முகாமைப் பற்றி எழுத உட்காரும் இளம் செய்தியாளர் அந்த வினையைப் போடுமுன், எதிரே இருப்பவரிடம் பிறந்த ஊர் எது என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பொருத்தமான வினையை அவரே சொல்லிவிடுவார்.